ஏழாம் கட்டிலில் நாலாவது ஞாயிறு

"நாலையும் சேர்த்தே போட்டு விட்டுடுங்களேன்ம்மா. பேட்டரி மெழுகுவத்திதானே, உருகியா போயிடப் போகுது?" என்றாள் நர்ஸ்.

"உருகாதுதான் சிஸ்டர். ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கில்ல? இன்னைக்கு மூணாவது ஞாயிறு. மூணுதான் எரியணும்."

ஏழாம் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தையல்காரம்மா மூன்றாவது மெழுகுவத்தியின் அடியிலிருந்த பொத்தானை அழுத்தினாள். கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய நான்கு ஞாயிறும் சர்ச்சில் வாரத்துக்கு ஒன்றாக மெழுகுவத்தி ஏற்றுவார்களாம். ஆக்ஸிஜன் ஓடும் வார்டில் தீக்குச்சி கிழிக்க முடியாதே, அதனால்தான் இந்த பேட்டரி ஏற்பாடு.

ஏழாம் கட்டிலில் கிடந்தவருக்கு இது எதுவும் தெரியாது. மாடிப்படியில் வழுக்கித் தலையில் அடிபட்டு வந்தவர். மூச்சு சீராக இருந்தது, கண் மட்டும் திறக்கவில்லை. மூக்குக் குழாய் வழியாகத்தான் கஞ்சி.

அவரைப் பார்க்க இந்த அம்மாவைத் தவிர ஒரு ஈ காக்கை எட்டிப் பார்த்ததில்லை. இவளோ ஒரு நாள் தப்பாமல் வந்துவிடுவாள். பைபிளில் ஒரு பக்கம் வாசிப்பாள், ஜெபம் செய்வாள், அப்புறம் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டே திட்ட ஆரம்பிப்பாள்.

"இத பாருங்க, கண்ணை மூடிக்கிட்டுப் படுத்தே தப்பிச்சுடலாம்னு நெனைக்காதீங்க. நமக்குள்ள பேசித் தீர்க்க வேண்டியது மலை மாதிரி கிடக்கு. எழுந்திருங்க."

இவள் அவருக்கு என்ன உறவு என்று நர்ஸ் கேட்டதே இல்லை. நினைவில்லாத மனுஷனைக்கூட இந்த அதட்டு அதட்டுகிறவள் மனைவியாகத்தான் இருக்க முடியும் என்று அவளே முடிவு கட்டிவிட்டாள்.

அன்று டாக்டர் வந்து பார்த்துவிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னார். "அடுத்த திங்கட்கிழமை வரைக்கும் பார்ப்போம்மா. அதுக்குள்ள ஏதாவது அசைவு தெரியணும். இல்லேன்னா பராமரிப்பு இல்லத்துக்கு மாத்திடுவோம். அங்க சாப்பாடு கொடுப்பாங்க, துடைச்சு விடுவாங்க. கை கால் பயிற்சி எல்லாம் கிடையாது."

"அப்போ எனக்கு இன்னும் ஒரு ஞாயித்துக்கிழமை இருக்கு," என்றாள் அவள்.

டாக்டர் போனதும் நர்ஸுக்கு மனசு கேட்கவில்லை. எத்தனையோ கட்டில்களைப் பார்த்தவள், வீண் ஆசை மனிதரை எப்படி உடைக்கும் என்று தெரிந்தவள். "அம்மா, தப்பா நெனைக்காதீங்க. சில பேர் எழுந்திருக்கிறதே இல்ல."

"சகரியான்னு ஒரு பெரியவர் பைபிள்ல வர்றாரு சிஸ்டர். கோயிலுக்குள்ள போனவருக்குப் பேச்சே நின்னு போச்சு. மாசக்கணக்கா ஊமையா இருந்தாரு. பிள்ளை பிறந்து எட்டாம் நாள்தான் நாக்கு திரும்புச்சு. அவர் வீட்டுக்காரி அவ்வளவு நாள் காத்திருக்கலையா? எனக்கு நாலு வாரம் பெரிசா?"

அதற்குள் அவளுடைய போன் அடித்தது. எடுத்து, "தெரியும்ண்ணே... அதெல்லாம் முடியாது... வக்கறேன்," என்று வைத்துவிட்டாள்.

"எங்கண்ணன். எனக்கென்னன்னு விட்டுத் தொலைங்கறான். பார்க்கிறவங்க எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. விட்டுட்டுப் போறதுக்கு வேற ஆளைப் பார்க்கச் சொல்லுங்க." அவள் அவருடைய வலது கையை எடுத்து, பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்தபடி விரல்களை மடக்கி நீட்ட ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. தினமும் கைக்கு நூறு முறை.

அந்த வாரம் முழுக்க ஒரு விரல்கூடத் தானாக அசையவில்லை.

நான்காவது ஞாயிறு. சர்ச்சிலிருந்து நேராக வந்தாள். நாலாவது மெழுகுவத்தி எரிந்தது. கட்டிலில் ஒரு மாற்றமும் இல்லை. நர்ஸுக்கு இரண்டு மணிக்கு டியூட்டி முடிந்தது. பையை மாட்டிக்கொண்டவள், என்ன தோன்றியதோ, கழற்றி வைத்துவிட்டு அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு ஜெபம் தெரியாது, எண்ணத் தெரியும்.

"ஆண்டவரே, இந்த மனுஷனை எழுப்பாம நான் வீட்டுக்குப் போறதா இல்ல," என்றாள் தையல்காரம்மா. வேண்டுதலா மிரட்டலா என்று நர்ஸுக்குப் புரியவில்லை. "ம், எண்ணுங்க சிஸ்டர். அறுபத்தி ஒண்ணு."

எழுபத்தி நாலில் அவர் விரல்கள் மடங்கின. தையல்காரம்மா நீட்டிவிடப் பார்த்தாள், நீளவில்லை. அவள் கட்டைவிரலை இறுக்கிப் பிடித்திருந்தன.

"சிஸ்டர்," என்றாள் மெதுவாக.

இமை துடித்தது. ஒரு கண் திறந்து, மறு கண்ணும் திறந்தது. நர்ஸ் குனிந்து, இது மாதிரி நேரத்தில் கேட்க வேண்டியதை வரிசையாகக் கேட்டாள். பெயரைக் கேட்டதற்கு உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. தண்ணீரில் நனைத்த பஞ்சால் உதட்டை ஈரமாக்கினாள்.

"இதோ, இவங்க யாரு? தெரியுதா? அவசரம் இல்ல, மெதுவா சொல்லுங்க."

அவர் தையல்காரம்மாவையே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நர்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் காத்திருந்தவளின் பெயரை அவர் வாயால் கேட்கப்போகிறோம் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பக்கத்து... வீட்டுக்காரி," என்றார் கரகரத்த குரலில். "காம்பவுண்டுச் சுவருக்காக... என் மேல... கேஸ் போட்டவ."

"பதினோரு வருஷமா," என்றாள் தையல்காரம்மா, வழிகிற கண்ணீரைத் துடைக்காமலே. "மூளை பத்திரமாத்தான் இருக்கு சிஸ்டர், டாக்டரைக் கூப்பிடுங்க."