டாக்டர் சொன்னபடி

எடை மெஷினிலிருந்து இறங்கிய பத்து வயது பவ்யா, மூன்றே மாதத்தில் நான்கு கிலோ கூடியிருந்தாள். அம்மா மாலாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ராகிக் களியும் கீரையுந்தான் டாக்டர்! அவகூட உக்காந்து நானும் சாப்ட்டுட்டுதான் நைட் டூட்டிக்கே கிளம்பறேன்."

"பேக்கரிப் பக்கமே வுடறதில்லீங்க," என்றான் ஃபேக்டரியில் வேலை பார்க்கும் மாலாவின் தம்பி விநாயக்.

தினமும் பெங்களூருக்கு ரயிலில் போய்வரும் கணவன் தாமோதரன், மகளை முறைத்தான். "எங்களுக்குத் தெரியாம இன்னா துன்ற?"

பவ்யாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"வீட்ல எல்லாரோடவும் சேர்ந்து சாப்பிடணும்னு டாக்டர்தானே சொன்னாரு? ஆறு மணிக்கு அம்மாவோட சாப்பிடறேன். ஃபேக்டரி வுட்டு வந்ததும் மாமாவோட. கோரமண்டல் ஸ்டேஷன்ல ரயில் எறங்கி நீ வந்ததும் உன்னோட. ஒருநாள்கூட லீவு போடாம மூணு ஷிப்ட்டும் நானேதான் பாக்கறேன்!"