குளவிக்கூடு

எலுமிச்சைக் கிளையில் தொங்கிய குளவிக்கூட்டைக் கொளுத்திவிடச் சூசையப்பன் தீப்பந்தம் கட்டிக்கொண்டிருந்தான். முந்தின நாள் கொட்டு வாங்கிய இடக்கண் இன்னும் திறக்கவில்லை. தோட்டத்திலிருந்து மனைவி ரெஜினா மெல்ல அழைத்தாள்.

“சத்தம் போடாம இங்க வாங்க.”

அவரை இலையில் ஒரு குளவி பச்சைப்புழுவைக் கவ்விப் பிடித்திருந்தது. பொறுமையாக மென்று உருண்டையாக்கி, கால்களுக்கிடையில் அணைத்துக்கொண்டு பறந்தது. கனம் தாங்காமல் தாழ்ந்து, பிறகு சமாளித்து எழும்பிக் கூட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

“மருந்தடிச்சும் போகாத புழுங்க.”

“என்னைக் கொட்டினதும் இதே ஜாதிதானா?”

“இதேதான்.”

அடுத்த குளவி வந்து இறங்கியது. சூசையப்பன் ஒற்றைக் கண்ணால் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“புள்ளைங்களுக்குத்தான் கொண்டுபோகுது போல,” என்றான்.

சாயங்காலம் எலுமிச்சையில் கட்டியிருந்த துணி காயப்போடும் கொடியைப் பயந்து பயந்து அவிழ்த்து, முருங்கைக்கு மாற்றினான்.