இறங்கும் இடம்

ஊர் பேனரில் அவன் கேப்டன் சகாய சுரேஷ்; தனியாக விமானம் ஓட்டியது ஒருநாள்கூட இல்லை. பைலட் பயிற்சிக்காக போன் ஆப்பில் எந்தப் பறக்கும் வழியைப் போட்டாலும், கோடு வளைந்து கரிக்கலாம்பாக்கத்தில் அக்கா இன்பமேரியின் புது வீட்டில் வந்து இறங்கியது.

“என் வூடு இன்னா ஏர்போர்ட்டாடா? அழிடா அத!”

“கேப்டன் சொல்றேன்க்கா, ஆப்புலதான் தப்பு,” என்று அழித்தான்.

மறுநாள் காலை, பூட்டிய வீட்டின் கூடத்தில், வெள்ளை டைல்ஸ் மேல் இரண்டு கறுப்பு டயர் தடங்கள் கிடந்தன.

அக்காவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “தொடைச்ச தரைடா இது! வூட்டுக்குள்ள வர்றவன் செருப்பக் கழட்டிட்டு வரமாட்டானா?”

அதற்கடுத்த நாள் தரை பளிச்சென்றிருந்தது. தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. அக்கா கதவைத் திறந்தாள். வெளியே வாசற்படியில், பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ ஒரு ஜோடி, வீட்டைப் பார்த்தபடி இருந்தது.