பால் சேராத சாக்லேட்

நேற்றுப் போட்ட பாத்திரங்களைத் துலக்கிக்கொண்டிருந்த நாகஜோதியின் கையில் அந்தக் குழிக்கரண்டி வந்தது. அதன் குழியில் வெள்ளையாக ஆடை காய்ந்து ஒட்டியிருந்தது.

பால் கரண்டி. நேற்று காபிக்கு இதை எடுக்கவில்லையே, பிறகு எதற்கு எடுத்தோம்?

ஞாபகம் வந்துவிட்டது.

கருப்பட்டிப் பாகு கொதிக்கும்போது ஒரு கரண்டி பாலை ஊற்றியிருக்கிறாள். பால் விட்டால்தான் பாகிலுள்ள அழுக்கு நுரையோடு மேலே திரளும், வழித்துப் போட்டுவிடலாம். அதிரசமோ பணியாரமோ, இத்தனை வருஷமாக அப்படித்தான் செய்கிறாள். யோசிக்காமலே செய்துவிட்டது, பாழாய்ப்போன கை.

அந்தப் பாகில்தான் சாக்லேட் செய்தாள். மகள் ஹேமாவுக்குப் பால் ஒரு சொட்டுகூட ஆகாது என்பதற்காகவே செய்த சாக்லேட்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கல்யாண வீட்டில் யாரோ ஆசையாக ஒரு ஸ்பூன் பாயசம் ஊட்டிவிட்டார்கள். முகம் வீங்கி, மூச்சு இழுத்து, தேனி ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தாள். அடுத்த தடவை இதைவிட மோசமாக வரலாம் என்று சொல்லித்தான் டாக்டர் அனுப்பினார். அன்றிலிருந்து வகுப்பில் யார் மிட்டாய் கொடுத்தாலும் பிள்ளை அதை டீச்சரிடம் ஒப்படைத்துவிடும்.

இன்றைக்கு ஹேமாவுக்கு ஏழாவது பிறந்தநாள்.

குமுளியில் வாங்கிய கோகோ பொடி, தேங்காய் எண்ணெய், சீனிக்குப் பதில் கருப்பட்டி. ஒரு வாரமாக இறுகாமலும் திரிந்தும் அழவைத்துவிட்டு, நேற்றுத்தான் பதம் கூடி வந்தது. வெள்ளித்தாளில் சுற்றி, வகுப்புக்கென்று டப்பா நிறையக் கொடுத்துவிட்டாள். போதாததற்கு டீச்சருக்குப் போன் போட்டு, இன்றைக்கு அவளும் தின்னலாம், நானே செய்தது, பயமே வேண்டாம் என்று பெருமையாகச் சொல்லியும் வைத்தாள்.

தடுக்க இருந்த ஒரே ஆளையும் அவளே விலக்கிவிட்டாள்.

மணி பத்தே முக்கால். இடைவேளை விட்டிருப்பார்கள். டீச்சர் போனை எடுக்கவில்லை. ஆபீஸ் நம்பர் அடித்து அடித்து ஓய்ந்தது.

ஸ்கூட்டியை எடுத்தாள். ராயப்பன்பட்டியிலிருந்து உத்தமபாளையம் இவ்வளவு தூரமா? தேங்காய் ஏற்றிய டிராக்டர் ஒன்று வழிவிடாமல் முன்னால் ஆடிக்கொண்டு போனது. ஹாரனில் வைத்த விரலை அவள் எடுக்கவே இல்லை. என் கையை வேண்டுமானால் எடுத்துக்கொள், பிள்ளையை விட்டுவிடு என்று யாரிடமென்று தெரியாமல் கெஞ்சிக்கொண்டே போனாள்.

பள்ளிக்கூடத்து வாசலில் ஆம்புலன்ஸ் எதுவும் இல்லை. ஏற்றிக்கொண்டு போயிருந்தால்?

மாடிப்படியில் விழுந்தடித்து ஏறினாள். அவளைப் பார்த்ததும் டீச்சர் சிரித்துக்கொண்டே வகுப்பைவிட்டு வெளியே வந்தார்.

“எல்லாருக்கும் குடுத்தா. அவ மட்டும் திங்க மாட்டேன்னுட்டா. அம்மா பாக்கத்தான் திங்கணுமாம்.”

நாகஜோதி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

புதுச்சட்டை சரசரக்க ஹேமா ஓடிவந்தாள். உதடு வீங்கவில்லை. மூச்சு சீராக இருந்தது. கையில் பிரிக்காத சாக்லேட். அம்மா முன்னால் வந்து நின்று, நன்றாகப் பார்க்கட்டும் என்பதுபோல் மெதுவாகத் தாளைப் பிரித்தாள்.

நாகஜோதி அதைப் பிடுங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

ஹேமா அழவில்லை. அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“கசக்குது தங்கம். அம்மா சரியாச் செய்யல.”

ஹேமா வகுப்புக்குள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

“எல்லாரும் இனிக்குதுன்னு சொன்னாகளேம்மா.”