கொண்டாடாத கோல்கள்

கால்பந்தில் ஒரு வழக்கம் உண்டு: முன்பு ஆடிய அணிக்கு எதிராகக் கோல் அடித்தால் கொண்டாடக் கூடாது. இரண்டு கைகளையும் உயர்த்தி அந்த ஊர் ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இங்கிலாந்தின் நான்காம் டிவிஷனில் பதினாறு வருஷமாக அணி மாறிக்கொண்டே இருந்த ஹோல்ராய்டுக்கு, எதிரே வந்து நின்றதெல்லாம் முன்பு ஆடிய அணிதான். கோல் அடிப்பான், கையை உயர்த்துவான், தலையைக் குனிந்துகொண்டு திரும்புவான்.

இந்த வருஷம் கீழ் டிவிஷனிலிருந்து ஒரு புது அணி மேலே வந்தது. அவன் காலெடுத்தே வைக்காத ஊர். அங்கே நடந்த ஆட்டத்துக்கு மனைவி லின்னும் கிளம்பினாள்.

"இன்னைக்காவது கத்திக்கிட்டு ஓடு. நான் பாக்கணும்."

எழுபதாவது நிமிஷத்தில் தலையால் முட்டினான். பந்து வலைக்குள் போனது. ஓடத்தான் நினைத்தான். அதற்குள் கைகள் இரண்டும் தாமாக உயர்ந்துவிட்டன.

உள்ளூர் ரசிகர்கள் ஒன்றும் புரியாமல் விழித்தார்கள். பிறகு முன்வரிசையில் ஒருவர் எழுந்தார்.

"அட, ஜனவரியில அணி மாறி இவன் நம்மகிட்டதான் வரப்போறான்போல!"

கேலரி முழுக்கக் கைதட்டியது. லின் மட்டும் தட்டவில்லை. போன தடவை வீடு மாறியபோது கட்டிய பெட்டிகளில் கடைசியை அவள் நேற்றுதான் பிரித்திருந்தாள்.