சாய்ந்த முத்திரை

"முத்திரை சாய்ஞ்சிருக்கு சார். நேரா வெச்சுக் கொண்டு வாங்க."

விண்ணப்பம் மூன்றாவது முறையாக அவர் பக்கமே திரும்பி வந்தது.

அவர் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கம்பெனியின் முதலாளி. அரசு ஆஸ்பத்திரிகளின் நோயாளி விவரங்களை கிளவுடில், அதாவது தன் கம்பெனியின் கணினிக் கூடத்தில் பத்திரமாக வைத்திருந்து, கேட்டபோது எடுத்துக் கொடுக்கிற வேலைக்கு விண்ணப்பித்திருந்தார். ஒப்புதல் பட்டியலில் பெயர் ஏறினால் பதினோரு பேரின் வேலை பிழைக்கும். ஏறாவிட்டால் அடுத்த மாதம் ஷட்டரை இறக்க வேண்டியதுதான். இன்று கடைசி நாள். மணி மூன்று.

"மேடம், முதல்ல கையெழுத்து கட்டத்துக்கு வெளியே போயிடுச்சுன்னீங்க. திரும்பப் போட்டேன். அப்புறம் பக்க எண் இல்லைன்னீங்க. அதையும் போட்டேன். இப்ப முத்திரையா?"

"ஆமா சார்." பரிசீலனை அதிகாரியான அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "அப்படியே மத்ததையும் ஒரு தடவை நிதானமா படிச்சுப் பார்த்துட்டு வாங்க. அஞ்சு மணி வரைக்கும் இங்கேதான் இருப்பேன்."

"நூத்தி இருபது கேள்வி! அத்தனைக்கும் பதில் எழுதியிருக்கேன். எது சரியில்லைன்னு வாயைத் திறந்து சொல்லுங்களேன்."

"பதிலைப் பத்தி நான் வாயால எதுவும் சொல்லக் கூடாது சார். சொன்னா எழுத்துலதான் சொல்லணும். இப்போதைக்கு முத்திரை சரியில்லை."

வராந்தாவில் காத்திருந்த மச்சினனைப் பார்த்ததும் அவர் பொரிந்து தள்ளிவிட்டார்.

"கிளவுடுல வைக்கிற வேலைக்குக் காகிதத்துல மூணு பிரதி கேக்கறாங்க. சரி, தொலையுதுன்னு கொடுத்தோம். அதுல ஒரு முத்திரை கொஞ்சம் சாய்ஞ்சா ஆஸ்பத்திரியே கவுந்துடுமா?"

"அத்தான், அவங்கதான் படிச்சுப் பாக்கச் சொல்றாங்களே. இன்னும் நேரம் இருக்கு. உக்காந்து ஒரு தடவை..."

"நீ சும்மா இரு! படிக்க என்ன இருக்கு அதுல? பெரிய கம்பெனிக்காரன் எவனோ உள்ளே ஆள் பிடிச்சிருக்கான். நம்மளை அஞ்சு மணி வரைக்கும் இழுத்தடிச்சுட்டுக் கதவைச் சாத்தப் போறாங்க. நேர்மையா தொழில் பண்றவனுக்குக் காலமே இல்லைடா!"

அவரைக் குறை சொல்ல முடியாது. நாலு மாதமாக இதே படிக்கட்டில் ஏறி இறங்குகிறவருக்கு வயிறு எரியத்தான் செய்யும். கையெழுத்தாம், பக்க எண்ணாம், முத்திரையாம். யாருக்குத்தான் பொறுக்கும்?

நின்ற நிலையிலேயே ஒரு புகாரை எழுதினார். நேராக அந்த அலுவலகத்தின் இயக்குநர் அறைக்குள் நுழைந்து மேஜையில் வைத்தார். மச்சினன் வாசலோடு நின்றுகொண்டான்.

இயக்குநர் படித்துவிட்டு அதிகாரியை வரவழைத்தார்.

"என்னம்மா இது? மூணு தடவை திருப்பி அனுப்பியிருக்கீங்க. இதெல்லாம் ஒரு காரணமா?"

"சின்னக் காரணம்தான் சார். அதனாலதான் கையிலேயே திருப்பிக் கொடுக்க முடிஞ்சுது. பதிவேட்டுல ஏத்த வேண்டியதில்லை. அவர் திருத்தி எத்தனை தடவை வேணாலும் கொண்டு வரலாம்."

"கேட்டீங்களா சார்!" முதலாளி துள்ளினார். "எத்தனை தடவை வேணாலும் அலைய விடுவாங்களாம்!"

இயக்குநர் அவரைக் கையமர்த்தினார். "வேற ஏதாவது குறை இருக்காம்மா?"

அந்த அம்மாள் முதலாளியைப் பார்த்தார், பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

"சார், அவருக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கு. ஒரே ஒரு தடவை முழுசா படிச்சுட்டு வரட்டுமே. அதுக்கு மேல நான் எதுவும் கேக்கலை."

"மறுபடியும் பாருங்க, இழுத்தடிக்கிறாங்க! வேண்டவே வேண்டாம் சார். குறை இருந்தா இப்பவே எழுதித் தரச் சொல்லுங்க. என் கண்ணு முன்னாடி!"

"எழுதினா பதிவேட்டுல ஏறிடும் சார்," என்றார் அந்த அம்மாள், முதலாளியிடமே. குரல் தாழ்ந்திருந்தது. "பொய்த் தகவல்னு ஏறிட்டா மூணு வருஷத்துக்கு எந்த அரசு வேலைக்கும் நீங்க விண்ணப்பிக்க முடியாது. ஒரு தடவை யோசிச்சுக்கங்க."

"மிரட்டறீங்களா? நான் யாருக்கும் பயப்படற ஆள் இல்லை. எழுதுங்க மேடம்!"

"அத்தான்..." என்றான் வாசலில் நின்ற மச்சினன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இயக்குநர் தலையசைத்தார். அந்த அம்மாள் பேனாவை எடுத்தார். ஒரு நிமிஷம் அப்படியே வைத்திருந்தார். பிறகு மளமளவென்று எழுதி, பதிவேட்டு எண்ணைக் குறித்து, கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

முதலாளி வெடுக்கென்று வாங்கினார். எல்லோரும் கேட்கட்டும் என்று உரக்கவே படித்தார்.

"கேள்வி நாற்பத்து மூன்று. நோயாளி விவரங்கள் அழிந்துபோனால் பேக்கப் நகலிலிருந்து மீட்க முடிகிறதா என்று நீங்கள் கடைசியாகச் சோதித்துப் பார்த்த தேதி என்ன? விண்ணப்பதாரரின் பதில்: ஜூன் 31."

அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி இருந்தது.

"குறை: ஜூன் மாதத்துக்கு முப்பது நாட்கள்தான்."