மூன்று விரல் அகலம்

அவசரப் பிரிவு டாக்டர் மார்லீன் டார்ச்சை அடித்தார்.

“வாயை நல்லாத் திறங்க. நாக்கை நீட்டுங்க.”

ட்ரெவர் நீட்டினான்.

“மூணு விரலைச் சேர்த்து வாய்க்குள்ள விடுங்க. ம், போகுது. கழுத்தை அண்ணாத்துங்க. குறட்டை உண்டா?”

“கொஞ்சம்.”

“பரவாயில்ல. மூச்சு நின்னுபோனா தொண்டையில குழாய் விடணும். உங்களுக்குச் சுலபமாப் போயிடும்.”

ட்ரெவர் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்தினான்.

சமையலறையிலிருந்து வான்கோழித் தட்டோடு வந்தாள் மகள் ஹெய்டி.

“அம்மா, அவர் பேஷண்ட் இல்ல. என்னைப் பொண்ணு கேட்டு வந்திருக்கார்.”

“தெரியும்டி. உங்கப்பாவுக்கு மூச்சு நின்ன அன்னிக்குக் குழாய் போட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இன்னொரு குட்டைக் கழுத்து இந்த வீட்டுக்கு வேண்டாம்.”

சோபாவிலிருந்த அப்பா கழுத்தைத் தடவிக்கொண்டார்.

மார்லீன் டார்ச்சை அணைத்தார். “எனக்குச் சம்மதம், மாப்பிள்ளை. தாடியை மட்டும் எடுத்துடுங்க. ஆக்சிஜன் மாஸ்க் ஒட்டாது.”